தொடாமலே சூடறியும் கருவி



அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சட்டி சுடுகிறதா, ஆறிவிட்டதா என்பதை அறிய நாம் என்ன செய்கிறோம்? உடனே அதைத் தொட்டுவிடுவதில்லை. உள்ளங்கையை அதன் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நிறுத்திப் பார்க்கிறோம். தொடுவதற்கு முன்னரே கை வெம்மையை உணர்ந்துவிடுகிறது. சட்டியிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டு நம் கையை வந்தடைகின்றது என்பது இதனால் விளங்குகின்றதன்றோ? அந்த ஏதோ ஒன்றைப் பிடித்துப் படமாகவும் எண்ணாகவும் காட்டுவதே வெப்பப் படக்கருவியாகும்.

2020ஆம் ஆண்டில் கோவிட் பெருந்தொற்றுப் பரவியபோது பள்ளி வாசல்களிலும் கடை வாசல்களிலும் நெற்றிக்கு நேரே ஒரு சிறு கருவியைப் பிடித்துச் சூடு பார்த்ததைப் பெற்றோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்கருவி ஓரிடத்தின் சூட்டை மட்டும் சொல்லும். வெப்பப் படக்கருவியோ ஒரே நேரத்தில் பல்லாயிரம் இடங்களின் சூட்டை அறிந்து, அவற்றை ஒரு படமாக நம் முன் விரிக்கும். கையில் எடுத்துச் செல்லத்தக்க இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது, அதனை எவ்வாறு பயன்படுத்துவது, அது எங்கே நம்மை ஏமாற்றும், நம் தோட்டப்புற வாழ்வுக்கு அதனால் என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கண்ணுக்குப் புலப்படாத ஒளி

வானவில்லின் ஏழு நிறங்களை நாம் அறிவோம். ஒரு கோடியில் ஊதா, மறுகோடியில் சிவப்பு. சிவப்புக்கு அப்பால் என்ன இருக்கின்றது? இவ்வினாவுக்கு விடை தந்தவர் வில்லியம் எர்செல் என்னும் வானியல் அறிஞர். 1781ஆம் ஆண்டில் யுரேனசு என்னும் கோளைக் கண்டறிந்தவர் இவரே. 1800ஆம் ஆண்டில் இவர் கதிரவன் ஒளியை முப்பட்டகக் கண்ணாடியின் வழியே செலுத்தி நிறங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறியதைக் கண்டு வியந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் அங்கே இருப்பதை உலகம் அன்று அறிந்தது. அதனையே இன்று அகச்சிவப்புக் கதிர் என அழைக்கிறோம்.

சூடான பொருள்கள் மட்டுமே இக்கதிரை வெளியிடுகின்றன என்று எண்ணிவிடலாகாது. மேசை, சுவர், மரம், மாடு, மனிதன், ஏன், பனிக்கட்டி கூட இக்கதிரை இடைவிடாது வெளியிட்டவண்ணம் இருக்கின்றது. சூடு ஏற ஏறக் கதிரின் அளவும் ஏறும். எவ்வளவு ஏறும் என்பதை 1879ஆம் ஆண்டில் யோசப் சிடெபான் என்னும் அறிஞர் கணக்கிட்டுக் கூறினார். ஒரு பொருளின் கெல்வின் வெப்பநிலையை நான்கு முறை தன்னாலேயே பெருக்கினால் வரும் எண்ணுக்கு ஏற்ப அதன் கதிர்வீச்சு அமையும் என்பது அவர் கண்ட விதி. 27 பாகை செல்சியஸ் என்பது ஏறத்தாழ 300 கெல்வின். 57 பாகை செல்சியஸ் என்பது ஏறத்தாழ 330 கெல்வின். இவ்விரண்டுக்கும் இடையே கெல்வின் அளவில் பத்தில் ஒரு பங்கே வேறுபாடு. ஆனால் கதிர்வீச்சோ ஏறத்தாழ 46 விழுக்காடு கூடிவிடுகின்றது. மாணவர்கள் 1.1 என்னும் எண்ணை நான்கு முறை எழுதிப் பெருக்கி இதனைச் சரிபார்க்கலாம்.

கருவியின் உள்ளே

அமெரிக்க அறிஞர் சாமுவேல் லாங்லி 1880ஆம் ஆண்டளவில் போலோமீட்டர் என்னும் கருவியை அமைத்தார். மெல்லிய பிளாட்டின நாடாவின்மீது அகச்சிவப்புக் கதிர் விழுந்தால் நாடா சிறிதளவு சூடேறும். சூடேறினால் அதன் மின்தடை மாறும். அம்மாற்றத்தை அளந்தால் கதிரின் அளவு தெரிந்துவிடும். எளிய கருத்துத்தான், எனினும் இன்றைய கருவியின் அடிப்படையும் இதுவே.

1960களில் விற்பனைக்கு வந்த வெப்பப் படக்கருவிகள் மிகுந்த எடை கொண்டவை. திரவ நைட்ரஜனால் குளிரூட்டப்பட வேண்டியவை. இன்றைய கைக்கருவிக்குள் லாங்லியின் நாடாவைப் போன்ற நுண்ணிய கட்டங்கள் வரிசை வரிசையாக அமைக்கப்பட்டுள்ளன. ஒரு கட்டத்தின் அகலம் தலைமுடியின் பருமனில் நான்கில் ஒரு பங்குதான் இருக்கும். அகலத்தில் 160 கட்டங்களும் உயரத்தில் 120 கட்டங்களும் உள்ள கருவியில் மொத்தம் 19,200 கட்டங்கள் உள்ளன. அதாவது 19,200 சிறு வெப்பமானிகள் ஒருங்கே வேலை செய்கின்றன எனலாம்.

இக்கருவியின் முகப்பில் சாதாரணக் கண்ணாடி வில்லை இராது. நம் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் கண்ணாடி இந்த வெப்பக் கதிருக்குச் சுவரைப் போன்றது. ஆதலால் ஜெர்மானியம் என்னும் தனிமத்தால் வில்லை செய்கின்றனர். சன்னலுக்கு அப்பால் நிற்பவரைக் கண்ணாடியின் ஊடே இக்கருவியால் காண இயலாது. கண்ணாடியின் சூடும், அதில் பிரதிபலிக்கும் நம் உடலின் சூடுமே திரையில் தோன்றும். அவ்வாறே சுவருக்குள் ஊடுருவியும் இதனால் பார்க்க முடியாது. இது காண்பது மேற்பரப்பின் சூட்டை மட்டுமே.

அளக்கும் முறை

கருவியை முடுக்கியவுடன் அளக்கத் தொடங்கலாகாது. சுற்றுப்புறச் சூட்டுக்கு அது பழகும்வரை சுமார் பத்து நிமிடங்கள் பொறுத்திருத்தல் நன்று. குளிர்சாதன அறையிலிருந்து நேரே வெயிலுக்குக் கொண்டுவந்தால் எண்கள் நிலைகொள்ளா.

அடுத்து, அளக்கும் பொருளுக்கு அருகில் செல்லவேண்டும். மேற்சொன்ன கருவி ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 93 சென்டிமீட்டர் அகலமான பரப்பைக் காண்பதாகக் கொள்வோம். அதனை 160 ஆல் வகுத்தால் ஒரு கட்டத்தின் பங்குக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் வருகின்றது. அளக்கப்படும் பொருள் மூன்று கட்டங்களின் அகலமாவது இருந்தால்தான் எண்ணை நம்பலாம். எனவே ஒரு மீட்டர் தொலைவிலிருந்து 2 சென்டிமீட்டர் அளவுள்ள பொருளை அளக்கலாம். 3 மில்லிமீட்டர் கம்பியை அளக்க இயலாது. நான்கு மீட்டர் தள்ளி நின்றால் ஒரு கட்டமே ஏறத்தாழ 23 மில்லிமீட்டரை விழுங்கிவிடும். தொலைவில் நின்று எடுத்த படம் அழகாக இருக்கலாம். அதிலுள்ள எண் சரியாக இராது.

நேருக்கு நேர் நில்லாமல் சற்றுச் சாய்வாக நின்று அளப்பது நலம். இல்லையேல் நம் உடலின் வெம்மையே அப்பொருளில் பட்டுத் திரும்பி வரும். அளந்த நேரம், காற்றின் வேகம், வெயிலா நிழலா, அவ்வேளையில் காற்றின் வெப்பநிலை என்ன ஆகியவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். காற்று வீசினால் மேற்பரப்பு ஆறிவிடும். வெயில் பட்டால் ஏறிவிடும்.

திரையில் தோன்றும் வண்ணங்களைக் கண்டு மயங்குதலும் கூடாது. சிவப்பும் மஞ்சளும் நீலமும் கருவி தானே பூசும் வண்ணங்கள். படத்திலுள்ள மிகச் சூடான இடத்துக்குச் சிவப்பையும் மிகக் குளிர்ந்த இடத்துக்கு நீலத்தையும் அது தரும். இரண்டுக்கும் இடையே இரண்டு பாகை வேறுபாடே இருந்தாலும் தீப்பற்றி எரிவதுபோல் படம் தோன்றலாம். ஆதலால் வண்ணத்தைப் பார்க்குமுன் பக்கத்திலுள்ள அளவுகோலைப் பார்க்கவேண்டும்.

பளபளப்பு சொல்லும் பொய்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரித்து அறிவதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. இக்கருவியைக் கையாள்வோர் இதனை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

ஒரே சூட்டில் இருக்கும் இரண்டு பொருள்கள் ஒரே அளவு கதிரை வெளியிடுவதில்லை. ஒரு பொருள் கதிரை எவ்வளவு நன்றாக வெளியிடுகின்றது என்பதை உமிழ்திறன் என்னும் எண்ணால் குறிப்பர். முழுமையாக வெளியிடுமாயின் 1 என்பர். மனிதத் தோலுக்கு 0.98, நீருக்கு ஏறத்தாழ 0.96, பலகைக்கும் சிமெண்டுக்கும் 0.9 அளவில். மெருகேற்றிய அலுமினியத்துக்கோ 0.1க்கும் குறைவு. கருவியில் எந்த எண்ணைக் குறித்து வைத்திருக்கிறோமோ அதனைக் கொண்டே அது கணக்கிடும்.

இதனை ஒரு சோதனையால் விளக்கலாம். பளபளப்பான எவர்சில்வர் குவளையில் ஆசிரியர் 80 பாகை வெந்நீரை ஊற்றி வைக்கட்டும். குவளையின் வெளிப்புறத்தில் ஒரு துண்டு கறுப்பு மின்நாடாவை ஒட்டி வைக்கட்டும். கருவியில் 0.95 எனக் குறித்துக்கொண்டு பார்த்தால், நாடா ஒட்டிய இடம் 80 பாகைக்கு நெருங்கிய எண்ணைக் காட்டும். நாடா இல்லாத இடமோ 40 பாகையை ஒட்டிய எண்ணையே காட்டக்கூடும். அதை நம்பிக் கை வைத்தவர் சுட்டுக்கொள்வார்! குவளை ஒன்றே, நீர் ஒன்றே. பளபளக்கும் பரப்பு தன் சூட்டை மறைத்து, சுற்றியுள்ள சுவர்களின் சூட்டைத் திருப்பிக் காட்டுகின்றது. பளபளக்கும் உலோகத்தை அளக்கும்போது கறுப்பு நாடாவை ஒட்டி அவ்விடத்தை அளப்பதே அறிஞர்கள் கையாளும் முறை. மின்சாரம் ஓடும் பொருளில் மட்டும் இதனை ஒருபோதும் செய்யலாகாது.

தகரக் கூரையின் கீழ்

பேராக் மாநிலத்தில் இரப்பர்த் தோட்டங்களாக இருந்த இடங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய வரலாற்றில் நம் முன்னோரின் வியர்வை கலந்திருக்கின்றது. விடியுமுன் அவர்கள் பால்வெட்டச் சென்றது வெறும் வழக்கத்தால் அன்று. வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் வெளியேறி, மரத்தினுள் இருக்கும் அழுத்தம் குறையும்; பாலும் குறைவாகவே ஒழுகும். குளிர்ந்த விடியற்பொழுதில் அழுத்தம் மிகுந்திருக்கும்; பால் நன்றாக ஒழுகும். மங்கு நிறைவதும் குறைவதும் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதைக் கருவியேதும் இன்றியே அவர்கள் அறிந்திருந்தனர். புகைக்கூடத்தில் ஷீட்டு உலர்த்தியவர்களும் அவ்வாறே. சூடு 60 பாகையைத் தாண்டினால் ஷீட்டில் கொப்புளம் எழும். இன்னும் மீறினால் தீ விபத்தில் முடியும். முகத்தில் படும் அனலைக் கொண்டே அனுபவமிக்கவர்கள் நெருப்பைக் கூட்டியும் குறைத்தும் வந்தனர்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வானிலை ஆய்வுத்துறை அறிவிக்கும் வெப்பநிலை நிழலில், தரைக்கு மேலே, காற்றில் அளக்கப்படுவது. 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் பதிவான 40.1 பாகையே நம் நாட்டில் பதிவான மிக உயர்ந்த காற்று வெப்பநிலை. ஆனால் காற்று 34 பாகையில் இருக்கும் நண்பகலில், வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டிவிடும். மரநிழலிலுள்ள புல்தரையோ காற்றின் சூட்டை ஒட்டியே இருக்கும். வெறுங்காலுடன் ஓடும் சிறுவனின் பாதம் அறிந்த இவ்வுண்மையைக் கருவி ஒரே படத்தில் காட்டிவிடும். பள்ளித் திடலைச் சுற்றி மரம் வளர்ப்பதன் பயனை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.

இனி நம் கூரைக்கு வருவோம். பளபளக்கும் புதுத் தகரத்தை வெளியிலிருந்து அளந்தால், அது குளிர்ந்த வானத்தைப் பிரதிபலித்து மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். கூரை குளிர்ந்திருக்கிறது என்று நாம் ஏமாறுவோம். உள்ளே வந்து பலகைச் சுவரையும் உட்கூரையையும் அளந்தால்தான் வீட்டாரின் தலைமேல் இறங்கும் சூடு தெரியவரும்.

இங்கே ஒரு வியப்பைக் காணலாம். கருவியை ஏமாற்றும் அதே பளபளப்பு நமக்கு உதவியும் செய்கின்றது. கூரையின் அடிப்புறத்தில் சற்று இடைவெளி விட்டுப் பளபளப்பான அலுமினியத் தாளை விரித்தால், தாள் சூடேறினாலும் கதிரைக் குறைவாகவே கீழே வெளியிடும். கூரைக்கு வெள்ளை வண்ணம் பூசினால், வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். உட்கூரை அமைத்து, காற்றுப் போக வழி விட்டால் இன்னும் நலம். இவற்றைச் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அளந்து பார்த்தால், செலவிட்ட பணத்துக்குப் பயன் கிட்டியதா என்பது தெரிந்துவிடும்.

பழைய வீடுகளில் மின்கம்பி

உயிர் காக்கும் பயன் ஒன்று உண்டு. மின்கம்பியின் இணைப்பு தளர்ந்தால் அவ்விடத்தில் மின்தடை கூடும்; மின்தடை கூடினால் சூடு பிறக்கும். மின்னோட்டம் இருமடங்கானால் சூடு நான்மடங்காகும். புகை வருமுன், கருகல் நாற்றம் எழுமுன், இச்சூட்டை வெப்பப் படக்கருவி காட்டிக்கொடுக்கும். மின்வாரியத்தாரும் தொழிற்சாலையினரும் இணைப்புகளைச் சோதிக்க இதனைப் பெரிதும் பயன்படுத்துவது இதனாலேயே.

ஒரு கணக்குப் பார்ப்போம். 2,000 வாட் நீர்க்கொதிகலன், 1,200 வாட் இஸ்திரிப் பெட்டி, 700 வாட் சோற்றுப்பானை ஆகிய மூன்றையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் மாட்டினால் மொத்தம் 3,900 வாட். இதனை 240 வோல்ட்டால் வகுத்தால் 16 ஆம்பியருக்கு மேல் வருகின்றது. நம் வீட்டு மின்செருகியோ 13 ஆம்பியருக்கென அமைக்கப்பட்டது. பலகைச் சுவரும் பழைய கம்பியும் உள்ள வீட்டில் இதன் விளைவு யாதாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

சோதிக்கும்போது மின்சாதனம் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடாத கம்பியில் சூடு தோன்றாது. ஒரே வேலையைச் செய்யும் ஒத்த இணைப்புகளை அருகருகே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடேறியிருந்தால் அங்கே குறையுண்டு எனக் கொள்ளலாம். மூடியின் வெளிப்புறம் வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே இருக்கும் இணைப்பு அதைவிடப் பன்மடங்கு சூடாக இருக்கக்கூடும். மின்பெட்டியைத் திறப்பது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. மாணவர்களும் பெற்றோர்களும் அதனைத் தொடவே கூடாது.

காய்ச்சலும் கருவியும்

2003ஆம் ஆண்டில் சார்ஸ் நோய் பரவியபோது, சிங்கப்பூரில் வெப்பப் படக்கருவியைக் கொண்டு பயணிகளிடையே காய்ச்சல் கண்டவர்களைப் பிரித்தறியும் முறை உருவாக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் விமான நிலையங்களில் அதனைக் கண்டோம். ஆயினும் இது தோலின் சூட்டைக் காட்டுமேயன்றி உடலின் உட்சூட்டைக் காட்டாது. பொதுவான கைக்கருவியில் இரண்டு பாகைவரை கூடக் குறைய இருக்கலாம். 37 பாகைக்கும் 38 பாகைக்கும் இடையேதான் காய்ச்சலின் எல்லை அமைந்திருக்க, இப்பிழை சிறியதன்று. வெயிலில் மிதிவண்டி ஓட்டி வந்த சிறுவனின் நெற்றி காய்ச்சல்காரனின் நெற்றிபோல் தோன்றலாம். வியர்வையால் நனைந்த நெற்றி உண்மைக் காய்ச்சலை மறைக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சலா என ஐயம் எழுந்தால் வெப்பமானியை வைத்துப் பார்த்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை. டெங்கி நடமாடும் நம் நாட்டில் இதில் காலம் தாழ்த்தலாகாது.

தீயணைப்பு வீரர்களுக்கும் இக்கருவி உற்ற துணை. கண் தெரியாத புகையின் நடுவே வீழ்ந்து கிடப்பவரின் உடல்வெம்மையை அது காட்டிக்கொடுக்கின்றது.

வெந்நீர் ஊற்றுகளும் நம் கடமையும்

இயற்கையை ஆராய்வோருக்கும் இது பயன்படும். ஈப்போவை அடுத்த தம்புனிலும், சுங்கை அருகேயுள்ள சுங்கை கிளாவிலும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. சுங்கை கிளாவில் வருகையாளர்கள் ஊற்றுநீரிலேயே முட்டை அவிக்கின்றனர். தீபகற்ப மலேசியாவில் எரிமலை இல்லை. ஆழத்திலுள்ள பாறைகளின் வெம்மையால் சூடேறிய நீரே பிளவுகள் வழியே மேலேறி வருகின்றது. நீரின் உமிழ்திறன் மிகுதியாதலால் அதன் மேற்பரப்பை இக்கருவி நன்றாக அளக்கும். ஓடையின் எந்த இடத்தில் வெந்நீர் வந்து கலக்கின்றது என்பதைக் கரையில் நின்றே அறியலாம். ஆனால் நீராவி எழுந்து மறைத்தால் எண் பிழைபடும். மேற்பரப்பின் கீழே என்ன சூடு என்பதும் தெரியாது.

மாணவர்களே! எல்லாப் பள்ளிகளிலும் இக்கருவி இராது. எனினும் ஒரு சாதாரண வெப்பமானியைக் கொண்டு வகுப்பறையின் சூட்டைக் காலை எட்டு மணிக்கும் நண்பகலிலும் அளந்து, ஒரு மாதம் எழுதி வைத்துப் பாருங்கள். மரநிழல் உள்ள பக்கத்து வகுப்புக்கும் நிழல் இல்லாத வகுப்புக்கும் என்ன வேறுபாடு என்பது புலப்படும். அவ்வெண்களைத் தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் காட்டினால், மின்விசிறிக்கும் உட்கூரைக்கும் மரக்கன்றுக்கும் வெறும் முறையீட்டைவிட வலுவான சான்றாக அவை நிற்கும்.

பெற்றோர்களே! நம் நாட்டில் 2023, 2024ஆம் ஆண்டுகளில் கடும் வெப்பத்தால் உயிரிழப்புகளும் நேர்ந்தன. காற்றின் வெப்பநிலை மூன்று நாள்கள் தொடர்ந்து 35 பாகையைத் தொட்டாலே வானிலை ஆய்வுத்துறை முதல்நிலை எச்சரிக்கை விடுக்கின்றது. அந்நாள்களில் தண்ணீர்க் குப்பி இல்லாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். செம்பனைக் காட்டில் குலை தள்ளுவோரும் அவ்வப்போது நிழலில் அமர்ந்து நீர் அருந்துங்கள். ஒரே செருகியில் பல சாதனங்களை மாட்டும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாததை ஆராய்ந்து அறிந்ததே எர்செல் நமக்கு விட்டுச்சென்ற பாடம். அவ்வழியில் நாமும் அளந்தறிவோம். அறிந்ததைக் கொண்டு நம் வீட்டையும் பள்ளியையும் காப்போம்.